இம்பிளான்ட் பல் வைக்கப் போகிறவர்களுக்கு: ஸ்கேன் முதல் கேப் வரை

பல்லை எடுத்தாகிவிட்டது. ஈறு ஆறியதும், அந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று டாக்டர் கேட்பார். கழற்றி மாட்டும் பல், இருபுறப் பற்களைப் பிடித்துக் கட்டுகிற பிரிட்ஜ், தாடை எலும்பில் திருகு வைத்து அதன்மேல் பல் பொருத்துகிற இம்பிளான்ட் என்று மூன்று வழி சொல்வார். மூன்றாவதைப் பற்றித்தான் ஆளுக்கொரு கதை காதில் விழும். எலும்பைத் துளைப்பார்கள், வலி தாங்க முடியாது, மூன்றே நாளில் முடிந்துவிடும், ஒருமுறை வைத்தால் சாகும்வரை இருக்கும். இம்பிளான்ட் வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், தேதி குறித்துவிட்டுத் தூக்கம் வராமல் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

எனக்குக் கீழ்த்தாடையில், முதல் கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் ஒன்று வைத்திருக்கிறது. ஆறு வயது வாக்கில் முளைக்கிற நிலைப்பல் அது. மற்ற நிலைப்பற்களுக்கு முன்னால் வந்துவிடுவதால் சொத்தையாவதிலும் அதுவே முந்திக்கொள்ளும். அப்புறம் என் அத்தைக்கு மேல்தாடையில் வைத்தபோது கூடவே போய்வந்தேன். நம் பயமெல்லாம் ஆபரேஷன் நாளைப் பற்றித்தான் இருக்கிறது. உண்மையில் கவனம் தேவைப்படுவது அதற்கு முந்தைய விசாரிப்பிலும், அதற்குப் பிந்தைய மாதங்களின் காத்திருப்பிலும்.

முதலில், இது தேவையா?

பல் இன்னும் வாயில் இருக்கிறது, "எடுத்துட்டு இம்பிளான்ட் வச்சிடலாம்" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், வேர் சிகிச்சை செய்து, கேப் என்கிற உறையைப் பல்லின்மேல் போட்டுக் காப்பாற்ற முடியுமா என்று இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். காப்பாற்ற முடிகிற சொந்தப் பல்லுக்கு ஈடாக எதுவும் இல்லை.

பல் ஏற்கெனவே போய்விட்டது என்றால், எந்த இடம் என்று பாருங்கள். ஞானப்பல்லுக்குப் பதிலாக யாரும் வைப்பதில்லை. இரண்டாவது கடைவாய்ப் பல் மட்டும் இல்லாமல் மெல்லுவதில் சிரமமும் இல்லை என்றால், பொறுத்திருந்து பார்க்கலாம் என்று சொல்கிற டாக்டர்களும் உண்டு. முதல் கடைவாய்ப் பல் அப்படியில்லை. மெல்லும் பாரத்தில் பெரும்பங்கு அதன்மேல் விழுகிறது. அந்த இடத்தைக் காலியாக விட்டால் பின்பல் முன்னால் சாயும், எதிர்த்தாடைப் பல் இறங்கி வரும். சில வருடம் கழித்துப் பல் கட்டலாம் என்று போனால் இடமே இருக்காது.

பிரிட்ஜ் மோசமான வழி அல்ல. இருபுறப் பற்களிலும் ஏற்கெனவே பெரிய அடைப்போ கேப்போ இருந்தால் அதுவே பொருத்தமாக இருக்கலாம். ஓரிரு வாரத்தில் வேலையும் முடிந்துவிடும். ஆனால் இருபுறமும் ஒரு குறையும் இல்லாத பற்கள் என்றால், ஒரு பல்லுக்காக இரண்டு நல்ல பற்களைச் சீவ வேண்டும். எனக்கு மனம் ஒப்பாதது அதுதான்.

உள்ளே என்ன வைக்கிறார்கள்?

மூன்று பாகம். தாடை எலும்புக்குள் போகும் டைட்டானியம் திருகு, பெரும்பாலும் 3.5 முதல் 5 மி.மீ. தடிமன், 8 முதல் 12 மி.மீ. நீளம். அதன்மேல் அபட்மென்ட் என்கிற சிறு இணைப்புத் துண்டு. அதற்கும் மேலே நாம் பல் என்று பார்க்கிற கேப். திருகைக் கையில் வைத்துப் பார்த்தால் சுண்டுவிரல் நகத்தின் நீளம்தான் இருக்கும். மேற்பரப்பு பளபளப்பாக இருக்காது. எலும்பு பற்றிக்கொள்வதற்காகவே சொரசொரப்பாக்கி வைத்திருப்பார்கள்.

டைட்டானியம் ஏன் என்றால், எலும்பு அதை அந்நியப் பொருளாக ஒதுக்காமல் நேரடியாக அதன்மேல் வளர்ந்து ஒட்டிக்கொள்கிறது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயல்களின் எலும்புக்குள் டைட்டானியக் கருவியைப் பொருத்தி வேறொரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தபோது அது எலும்போடு ஒன்றாகியிருந்தது. 1965-இல் முதல் நோயாளிக்குத் தாடையில் வைத்தார். அந்த மனிதர் 2006-இல் இறக்கும்வரை அவை பயன்பாட்டில் இருந்தன. ஒரு பல்லுக்கு வைக்கும் இம்பிளான்ட்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 95 நிலைத்திருக்கின்றன. மீதி ஐந்தில் நாமும் ஒருவராகாமல் இருக்க நம் கையில் இருப்பவை என்ன என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

முதல் ஆலோசனை: மருந்துச் சீட்டுகளோடு போங்கள்

பல்லுக்குத்தானே என்று மற்ற வியாதிகளைச் சொல்லாமல் விடுகிறவர்கள் அதிகம். இங்கே அது கூடாது. நீங்கள் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

சர்க்கரை இருந்தால் எச்பிஏ1சி பார்க்கச் சொல்வார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை அது. அது கட்டுக்குள் இருந்தால் இம்பிளான்ட்டுக்குத் தடை இல்லை. பெரும்பாலான டாக்டர்கள் 7-க்குப் பக்கத்தில் இருப்பதை விரும்புகிறார்கள். அத்தைக்கு 9-க்கு மேல் இருந்தது. "இத்தனை வருஷம் பல் இல்லாம சமாளிச்சுட்டீங்கம்மா, இன்னும் மூணு மாசம் பொறுங்க. சுகரைக் குறைச்சுட்டு வாங்க" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அத்தைக்கு வருத்தம்தான். எனக்கு அந்த டாக்டர்மேல் நம்பிக்கை வந்ததே அப்போதுதான். சர்க்கரை அளவைக் கேட்காமலேயே தேதி கொடுக்கிற இடத்தைவிட, தள்ளிப்போடச் சொல்கிற இடம் மேல்.

எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் போன்ற வாராந்தர மாத்திரை, வருடத்துக்கொரு முறை போடும் ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி, ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசி, இவற்றில் எது எடுத்திருந்தாலும், நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தாலும், கட்டாயம் சொல்லுங்கள். இந்த மருந்துகள் தாடை எலும்பு ஆறும் விதத்தை மாற்றுகின்றன. மாதவிடாய் நின்ற பெண்கள் பலருக்கு எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார். பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியே இருக்காது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களும் அப்படியே. இதயத்துக்காக ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், தாங்களாகவே நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். அதை இதய டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

பீடி, சிகரெட் பிடித்தால் இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு கூடுகிறது. இதில் சந்தேகமே இல்லை. பாக்கு, குட்கா, ஹான்ஸ் பழக்கம் நெடுநாள் இருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி வாய் சரியாகத் திறக்காது. கடைவாய் எலும்பைத் துளைக்கும் கருவி நீளமானது. வாய் திறக்காமல் உள்ளே போகாது. மூன்று விரல்களை அடுக்கி வாய்க்குள் வைக்க முடியவில்லை என்றால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள்.

ஈறு நோய் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே இம்பிளான்ட். பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தாடை வளர்ச்சி முடியும்வரை வைக்க மாட்டார்கள். கர்ப்ப காலத்தில் தள்ளிப்போடுவார்கள்.

ஸ்கேனும் எலும்பும்

சாதாரண எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. அதற்காக சிபிசிடி என்கிற முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். ஒரு கருவி தலையைச் சுற்றி ஒருமுறை வரும். அரை நிமிடம்கூட ஆகாது. தனி ஸ்கேன் சென்டருக்கு அனுப்பினால் ரிப்போர்ட்டோடு ஸ்கேன் கோப்பையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்து கேட்கப் போனால் மறுபடி எடுக்க வேண்டியிருக்காது.

டாக்டர் திரையில் காட்டும்போது அவசரப்படாமல் பாருங்கள். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். திருகின் நுனிக்கும் நரம்புக்கும் குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விட்டுத் திட்டமிடுவார்கள். "நரம்பு எங்கே இருக்கு, எவ்வளவு தள்ளி வைப்பீங்க?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோடு போட்டு அளந்து காட்டுவார். மேல்தாடையில் நரம்புக்குப் பதில் சைனஸ் என்கிற காற்றறை. கடைவாய்ப் பல் போய் வருடங்கள் ஆனால் அது கீழே இறங்கி வந்து எலும்பு மெலிந்திருக்கும்.

பல்லை எடுத்த முதல் ஒரு வருடத்தில் அந்த இடத்து எலும்பின் அகலம் பாதி அளவுக்குக்கூடக் குறைந்துவிடலாம். அப்படிக் குறைந்திருந்தால் எலும்புத் தூள் வைத்து இடத்தை வளர்க்க வேண்டும். மேல்தாடையில் சைனஸ் சவ்வை மெதுவாக உயர்த்தி அடியில் தூள் நிரப்புவார்கள். அதுதான் சைனஸ் லிஃப்ட். இது வந்தால் செலவும் கூடும், காத்திருக்கும் காலமும் கூடும்.

இந்த எலும்புத் தூள் எதிலிருந்து வருகிறது என்று நம் ஊரில் அவசியம் கேட்க வேண்டும். அதிகம் பயன்படுவது மாட்டு எலும்பைப் பதப்படுத்தியது. அதன்மேல் மூடுகிற கொலாஜன் படலம் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. செயற்கையாகத் தயாரித்ததும் உண்டு. நம் தாடையிலிருந்தே கொஞ்சம் எடுத்துப் போடுவதும் உண்டு. அத்தைக்கு டாக்டர் இதை முன்னாலேயே சொல்லிவிட்டார். "மாடு வேண்டாம் தம்பி" என்று அத்தை சொன்னதும் மறுபேச்சில்லாமல் செயற்கைத் தூளுக்கு மாற்றிக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து தெரிந்திருந்தால் அத்தை நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். மத நம்பிக்கையோ உணவு நெறியோ உங்களுக்கு முக்கியம் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பணம் பேசும்போது

தமிழ்நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் ஒரு பல்லுக்கு 20,000 ரூபாயில் தொடங்கி 50,000, அதற்கு மேலும் சொல்கிறார்கள். கம்பெனியைப் பொறுத்தும், கேப்பின் வகையைப் பொறுத்தும், ஊரைப் பொறுத்தும் மாறும். விளம்பரத்தில் போடுகிற குறைந்த விலை பல சமயம் திருகுக்கு மட்டும்தான். ஆகவே, அந்தத் தொகையில் ஸ்கேன், அபட்மென்ட், கேப், எலும்புத் தூள், தையல் பிரிப்பது எல்லாம் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். எலும்போடு ஒட்டாமல் போனால் மறுபடி வைக்க என்ன கட்டணம் என்பதையும் கேளுங்கள். சாதாரண மருத்துவக் காப்பீடு விபத்தில் போன பல்லைத் தவிர மற்றதற்குப் பெரும்பாலும் தராது.

கையில் பணம் குறைவு என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளை விசாரியுங்கள். சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது; தனியார் கல்லூரிகள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. எம்டிஎஸ் என்கிற பல் மருத்துவ மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் வைப்பார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், பல தடவை அலைய வேண்டியிருக்கும். கட்டணம் வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்கும்.

கம்பெனி விஷயத்தில் என் கருத்து இதுதான். ஸ்ட்ராமன், நோபல் பயோகேர் விலை அதிகம்; ஆஸ்டெம் போன்ற கொரியக் கம்பெனிகள் நடுவில். எதுவாக இருந்தாலும், பல ஊர்களில் பல டாக்டர்கள் பயன்படுத்துவதாக இருக்கட்டும். பத்து வருடம் கழித்து ஒரு சிறு திருகு தேவைப்பட்டால் கிடைக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொரு கம்பெனிக்கும் உதிரிப் பாகம் வேறு, அதைத் திருப்பும் கருவியும் வேறு.

"72 மணி நேரத்தில் நிலையான பல்" என்ற பலகைகளை எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். பல் மொத்தமும் போனவர்களுக்கு ஒரு தாடையில் பல இம்பிளான்ட் வைத்து, எல்லாவற்றையும் ஒரே பாலமாக இணைத்துச் சீக்கிரமே பல் பொருத்தும் முறைகள் உண்மையிலேயே உண்டு. ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் அங்கே அது நடக்கிறது. தனியாக நிற்கிற ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு அந்த அவசரம் வேண்டாம்.

ஆபரேஷன் அன்று

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மரத்துப்போகும் ஊசிதான் போடுவார்கள், மயக்க மருந்து அல்ல. நன்றாகச் சாப்பிட்டு, பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் வழக்கம்போல் போட்டுக்கொண்டு போங்கள். சிலர் ஒரு மணி நேரம் முன்பே ஆன்டிபயாடிக் போடச் சொல்வார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். பெண்கள் உதட்டுச் சாயம் இல்லாமல் போவது நல்லது. கூட ஒருவர் வந்தால் திரும்பி வரும்போது வண்டி ஓட்டுகிற கவலை இல்லை.

வாய் கொப்பளிக்கக் கிருமிநாசினி தருவார்கள், முகத்தைச் சுற்றிப் பச்சைத் துணி போர்த்துவார்கள். வலிப்பது என்றால் அந்த ஊசி போடும் சில நொடிகள்தான். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன்" என்றார் எனக்குச் செய்த டாக்டர். கையைத் தூக்கத் தேவை வரவில்லை. எலும்புக்குள் வலி நரம்பு குறைவு. மரத்துப்போன ஈறும் எதையும் சொல்லாது.

ஆனால் வலி இல்லை என்றால் எதுவுமே தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. துளைக்கும்போது தாடை முழுக்க அதிர்வு தெரியும், சத்தம் காதுக்குள்ளேயே கேட்பது போல் இருக்கும். முதலில் 2 மி.மீ. அளவில் மெல்லிய துளை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிமன் கூடிய துளைப்பான்கள். இடையிடையே நிறுத்தி எக்ஸ்ரே எடுத்துத் திசை சரிபார்ப்பார்கள். குளிர்ந்த உப்பு நீர் விடாமல் பாய்ந்துகொண்டே இருக்கும். தொண்டையில் இறங்குவது போலிருந்தாலும் பக்கத்தில் இருப்பவர் உறிஞ்சு குழாயால் எடுத்துவிடுவார். மூக்கால் மூச்சு விடப் பழகிக்கொண்டால் போதும். அந்த நீர் வெறும் சுத்தத்துக்கு அல்ல. எலும்பின் சூடு 47 டிகிரியைத் தாண்டி ஒரு நிமிடம் நின்றாலே எலும்புத் திசு கெட ஆரம்பிக்கும். கெட்ட எலும்பில் திருகு பிடிக்காது.

துளை தயாரானதும் சீல் வைத்த சிறு குப்பியைத் திறப்பார்கள். திருகை மெல்லச் சுழற்றி இறக்குவார்கள். கடைசியில் ஒரு சின்ன ரென்ச்சை வைத்துக் கையால் இறுக்கும்போது 'டிக், டிக்' என்று கேட்கும். தாடையைப் பிடித்து அழுத்துவது போல் ஒரு பாரம். அப்போது தாடையை இறுக்கிக்கொள்ளாமல் தளர்வாக விடுங்கள். அதோடு முக்கிய வேலை முடிந்தது. திருகின்மேல் ஒரு மூடி, இரண்டு மூன்று தையல், கடிக்க ஒரு பஞ்சு. ஒரு பல்லுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

எழுந்து வருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்தக் குப்பியில் கம்பெனி பெயர், தடிமன், நீளம், எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் லாட் எண் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கும். அதை ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்கி, போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்

பஞ்சை முக்கால் மணி நேரம் கடித்திருங்கள். அன்று முழுக்கத் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள். உறிஞ்சும் வேகத்தில் ரத்தக்கட்டு கலைந்துவிடும். இளநீரைக்கூட டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மரப்பு விலக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் சாப்பிட்டால் கன்னத்தையோ நாக்கையோ கடித்துக்கொள்வீர்கள். வலி மாத்திரையை மரப்பு விலகும் முன்பே போட்டுவிடுங்கள்.

முதல் நாள் சூடு வேண்டாம், காரம் வேண்டாம். நன்றாகக் குழைத்த தயிர்சாதம், ஆறின கஞ்சி, பால், வாழைப்பழம். மறுநாள் முதல் மிதமான சூட்டில் இட்லி, ரசம் சாதம், பருப்பு சாதம். ரவை உப்புமாவும் எள், கடுகு தூவின பதார்த்தமும் தையலுக்குள் போய்ச் சிக்கும். ஒரு வாரத்துக்குத் தவிர்ப்பது நல்லது. அந்தப் பக்கம் மெல்லவே வேண்டாம்.

கன்னத்தின்மேல் ஐஸ் பொட்டலத்தைத் துணியில் சுற்றி இருபது நிமிடம் வைத்து, இருபது நிமிடம் எடுத்து, முதல் நாள் முழுக்க வைத்தால் வீக்கம் குறையும். எப்படியும் இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் கூடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறகு வடியும். கன்னத்தில் மஞ்சளும் நீலமுமாகக் கன்றிப்போவதும் உண்டு. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாக அலசுங்கள். குளோர்ஹெக்சிடின் என்கிற வாய் கொப்பளிக்கும் மருந்து கொடுத்திருந்தால் சொன்ன நாள் மட்டும். அது பல்லில் பழுப்புக் கறை விடும், நாக்கில் ருசியையும் மாற்றும், கொப்பளித்த உடனே காபி டீ குடித்தால் கறை இன்னும் கூடும். ஏழு முதல் பத்து நாளில் தையல் பிரிப்பார்கள். கரையும் நூலாக இருந்தால் அதுவும் இல்லை.

டாக்டருக்கு உடனே போன் செய்ய வேண்டிய நேரங்களும் உண்டு. மறுநாள் காலையிலும் உதடோ மோவாயோ மரத்தே இருந்தால், அன்றே சொல்லுங்கள். நரம்பு அழுந்தியிருக்கலாம், சீக்கிரம் கவனித்தால்தான் பலன். மூன்று நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் வந்தாலும், ரத்தம் நிற்காமல் வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

வலி போன பிறகு வரும் வாரங்கள்

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பத்து நாளில் வலி போய்விடும், வீக்கம் வடிந்துவிடும், எல்லாம் சரியாகிவிட்டது போல் தோன்றும். ஆனால் எலும்புக்குள் அப்போதுதான் வேலை நடக்கிறது. வைத்த அன்று திருகை நிறுத்தியிருப்பது வெறும் இறுக்கம். அதைச் சுற்றியுள்ள பழைய எலும்பை உடம்பு கரைத்துவிட்டுப் புது எலும்பை வளர்க்கும். பழையது கரைந்து புதியது வலுப்பெறாத அந்த இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை பிடிப்பு முதல் நாளைவிடக் குறைவாக இருக்கும். வலி சுத்தமாக இல்லாத அதே வாரங்களில்தான் பிடிப்பும் குறைந்து நிற்கிறது. புதிதாகப் போட்ட கான்கிரீட் தளத்தில் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஏறி நடக்க விடாமல் தண்ணீர் விட்டு வைக்கிறோமே, அது மாதிரிதான்.

ஆகவே அந்தப் பக்கத்தில் முறுக்கு, சீடை, வறுத்த கடலை, கறி எலும்பு எதுவும் வேண்டாம். நாக்கால் மூடியைத் தொட்டுத் தொட்டு ஆட்டிப் பார்க்காதீர்கள். சிகரெட்டை விட முடியாதவர்கள் இந்த மாதங்களிலாவது விட்டுப் பாருங்கள். கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் வைத்திருந்தால் அது திருகின்மேல் அழுத்தாதபடி அடியில் குடைந்து தரச் சொல்லுங்கள்.

கேப் போடக் கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எலும்பு மென்மையான மேல்தாடையில் மூன்று முதல் ஆறு மாதம். சைனஸ் லிஃப்ட் செய்திருந்தால் இன்னும் அதிகம். இடையில் கல்யாணம் வருகிறது என்று கேப்பைச் சீக்கிரம் போடச் சொல்லி டாக்டரை நெருக்காதீர்கள். சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ ஒரு மாத லீவில் வந்து வைப்பவர்களுக்கு நடைமுறைக்கு ஏற்றது, இந்த லீவில் திருகு, அடுத்த லீவில் கேப். நடுவில் ஆறு மாதமோ ஒரு வருடமோ போனாலும் திருகுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே லீவில் இரண்டையும் முடிக்கப் பார்ப்பதுதான் ஆபத்து.

ஈறுக்கு வெளியே தெரிகிற மாதிரி ஹீலிங் கேப் என்கிற உலோக மூடி போட்டிருந்தால் அது சில சமயம் கழன்று வந்துவிடும். பதற வேண்டாம். கழுவி ஒரு காகிதத்தில் மடித்து, அன்றோ மறுநாளோ கிளினிக்குக்குப் போங்கள். நாள் தள்ளினால் ஈறு மூடிக்கொள்ளும். திருகை ஈறுக்குள்ளேயே மூடித் தைத்திருந்தால், எலும்பு பிடித்த பிறகு சின்னதாக ஈறைத் திறந்து இந்த மூடியைப் போடுவார்கள். முதல் ஆபரேஷனோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கேப் போடும் நாள்

அளவெடுப்பது மாவு வைத்தும் செய்வார்கள், கேமராபோல் இருக்கும் ஸ்கேனராலும் செய்வார்கள். நிறம் பார்க்கும்போது அறை விளக்கில் மட்டும் பார்க்காமல் ஜன்னல் வெளிச்சத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். கடைவாய்க்கு இப்போது ஜிர்கோனியா கேப்தான் அதிகம். உலோகத்தின்மேல் பீங்கான் பூசியது விலை குறைவு, அதுவும் பல வருடம் உழைக்கும்.

கேப்பை ஒட்டுவதா, திருகுவதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. இடம் அனுமதித்தால் திருகும் வகையைக் கேளுங்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் உடைக்காமல் கழற்றலாம். ஒட்டும் வகையில் சிமெண்ட் கொஞ்சம் ஈறுக்கு அடியில் வழிந்து தங்கிவிட்டால் மாதங்கள் கழித்து அங்கே சீழ் பிடிக்கலாம். திருகும்போது ஈறு அழுந்தி வெளிறும், ஒரு இறுக்கம் தெரியும், சில நிமிடத்தில் போய்விடும். பிறகு கேப்பைப் பிடிக்கும் சிறு திருகின் தலைமேல் டெஃப்லான் டேப்பை உருட்டி வைத்து, துளையைப் பல் நிற அடைப்பால் மூடுவார்கள். குழாய் மரைக்குச் சுற்றுகிற அதே வகை வெள்ளை டேப்தான்.

கடி சரிபார்க்க நீலக் காகிதம் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். இதில் அவசரம் காட்டாதீர்கள். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் உண்டு. கடிக்கும்போது பல் அதில் துளி அசையும், சாதத்தில் கல் என்றால் உடனே உணர்த்தும். இம்பிளான்ட்டுக்கு அது இல்லை. கடி உயரமாக இருந்தாலும் உங்களுக்குத் தெரியாமலே அதன்மேல் முழு பாரமும் விழும். இடது, வலது, முன்னால் என்று தாடையை நகர்த்திப் பார்த்து, இடிப்பது போல் இருந்தால் சொல்லுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற பழக்கம் இருந்தால் இரவுக்கு ஒரு காப்புத் தகடு செய்துகொள்வது கேப்பையும் திருகையும் காக்கும்.

அப்புறம் அதைப் பார்த்துக்கொள்வது

இம்பிளான்ட்டில் சொத்தை வராது. அதனால் கவலை விட்டது என்று பிரஷ் செய்வதில் ஏனோதானோ என்று இருந்துவிடக் கூடாது. சுற்றியுள்ள ஈறு புண்ணாகும், கவனிக்காவிட்டால் எலும்பு கரையும். வலிக்கவும் வலிக்காது, ஆடத் தொடங்கிய பிறகு தெரிந்து பயன் இல்லை. முதல் அறிகுறி, பிரஷ் செய்யும்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் ரத்தம். அந்த நிலையில் போனால் சுத்தம் செய்தே சரிப்படுத்திவிடலாம்.

மென்மையான பிரஷ், இரண்டு வேளை. அத்தோடு இன்டர்டென்டல் பிரஷ் என்று மருந்துக்கடையில் கிடைக்கும். குட்டி பாட்டில் பிரஷ் போல இருக்கும், பல அளவுகளில் வரும். உங்கள் இடுக்குக்கு எந்த அளவு என்று டாக்டரிடமே கேட்டு, இரவு ஒருமுறை கேப்பின் இருபுறமும் நுழைத்து எடுங்கள். கேப்பின் கழுத்து சொந்தப் பல்லைவிடக் குறுகலாக இருப்பதால் கீரையும் கறி நாரும் அங்கே போய்ச் சிக்கும். அதை எடுக்க ஊக்கு, குண்டூசி, விளக்குமாற்றுக் குச்சி என்று எதையும் விடாதீர்கள். ஈறு கிழிந்தால் அதுவே நோய்க்கு வாசல். கரித்தூள், செங்கல் பொடி வகைப் பற்பொடிகளும் வேண்டாம்.

எல்லாம் சாப்பிடலாம். முறுக்கு, மட்டன், ஆப்பிள், எதற்கும் தடையில்லை. பொங்கலுக்குக் கரும்பை அந்தப் பல்லால் உரிப்பதும், நல்லி எலும்பை உடைப்பதும், பாட்டில் மூடி திறப்பதும் மட்டும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ச் சுத்தம் செய்துகொண்டு, வருடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் அளவு முந்தைய படத்தோடு ஒப்பிடக் கிடைக்கும். எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் டைட்டானியம் தடையல்ல. ஸ்கேன் சென்டரில் முன்கூட்டிச் சொன்னால் போதும்.

சில வருடம் கழித்து ஒரு நாள் கேப் லேசாக ஆடலாம். பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கும். எலும்பில் இருக்கும் இம்பிளான்ட் அப்படியேதான் இருக்கும். அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டு இரண்டொரு நாளுக்குள் போங்கள். ஆடவிட்டுக்கொண்டே சாப்பிட்டால் திருகு முறியும், முறிந்ததை எடுப்பது பெரிய பாடு. வைத்த டாக்டர் ஊரில் இல்லை என்றால் வேறு யாரிடமும் போகலாம். அங்கே கேட்கும் முதல் கேள்வி எந்தக் கம்பெனி, என்ன அளவு என்பதாகத்தான் இருக்கும். போனில் வைத்திருக்கும் ஸ்டிக்கர் படத்தைக் காட்டினால் அதற்குரிய கருவியை வரவழைத்து இறுக்கித் தருவார்கள்.